அலமாரியில் இருந்த தொப்பிகள்

யாமிலே பிரேக் வயரை இழுத்து, திருகாணியை முடுக்கி, மிச்சத்தை வெட்டினாள். வெட்டிய கையோடு நுனி பிரிந்து ஊசி ஊசியாக நின்றது. அதன் தலையில் மாட்டி இடுக்கியால் நசுக்க ஒரு சின்ன அலுமினியத் தொப்பி உண்டு. பர்ராங்கியா நகரில் வாடகைக்கு ஓடும் மஞ்சள் சைக்கிள்களில் முன்பெல்லாம் அது இருந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பட்டறைக்கு வரவில்லை. ஸ்டாக் இல்லையாம். மேலாளர் கினோனெஸ் சொன்னார்.

அந்த ஊசிகளில் ஒன்று பக்கத்து மேசை எலியேசரின் ஆள்காட்டி விரலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. விரல் வாழைப்பழம் கணக்காய் வீங்கியும் மனிதர் வேலைக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே," என்றாள் யாமிலே.

"லீவு போட்டா அந்தாளு வேற ஆளைப் போட்டுடுவான். முள்ளு குத்துனதுக்கெல்லாமா படுக்குறது?"

ஒருநாள் காய்ச்சலில் மேசைமேலேயே சாய்ந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் யாமிலே தன் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்தாள். வெட்டப்போகும் இடத்தில் தடவி, உலரவிட்டு, பிறகு வெட்டினாள். நுனி பிரியவில்லை. பட்டறையே புட்டிக்குக் கை நீட்டியது.

கினோனெஸ் கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன இது, கல்யாணப் பொண்ணா சைக்கிளு? கம்பெனி கலரு மஞ்சள். எல்லாத்தையும் சுரண்டு."

"சுரண்டுனா பிரியும் சார். கையில ஏறும்."

"பார்த்துச் செஞ்சா ஏன் ஏறுது?"

சுரண்டினாள். இரண்டு விரல்களில் ரத்தம் வந்தது. பார்த்துத்தான் செய்தாள்.

அடுத்த வாரம் கினோனெஸ் தன் அறை அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார். நிறையத் தொப்பிகள்.

"புது வண்டிங்களை மேயர் தொடங்கி வைக்கிறாரு. அந்தப் பத்து வண்டிக்கும் போட்டுடு. போட்டோவுல பிசிறு தெரியக்கூடாது."

"ஸ்டாக் இல்லேன்னீங்களே சார்."

"விழாவுக்குன்னு வெச்சிருந்தேன். இப்ப அதுக்கென்ன?"

டப்பாவை அந்த மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போலிருந்தது. மகளை நினைத்துக்கொண்டு இடுக்கியை எடுத்தாள்.

விழாவன்று காலையில் எலியேசர் வந்தார். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது. அதன்மேல் வெள்ளைக்கட்டு.

"இனிமே இடுக்கி பிடிக்க முடியாதுல்ல," என்றார் கினோனெஸ். "வண்டியைத் துடை. பாதிச் சம்பளம்."

எலியேசர் துணியை வாங்கிக்கொண்டார். முதல் வண்டியின் பிரேக்கருகே வந்ததும் கை நின்றது.

"இது எங்க இருந்துச்சு?"

யாமிலே அலமாரியைக் காட்டினாள்.

வாசலில் பேண்டு வாத்தியம் தொடங்கியது. எலியேசர் இடது கைப் பெருவிரலால் அந்தத் தொப்பியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். வழவழவென்று இருந்தது. குத்தவேயில்லை.