கூறு போட்ட மாத்திரை

மூன்றாம் நம்பர் காட்டுப் பக்கம் கொழுந்து கிள்ளப் போனாலே அழகுத்தாய்க்கு அந்த அழுகை கேட்கும். செத்துப் பிறந்த பிள்ளையை அந்தத் தேயிலைச் சரிவில்தான் புதைத்திருந்தார்கள். பிறந்தபோதே அழாத பிள்ளை மண்ணுக்குள் போய் எப்படி அழும்? கேட்டால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று வந்தால் உயிர் தங்காது என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கோ புருஷன் பிச்சைமணி மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சாகப்போவது அவனா என்ன!

அவளைக் காப்பாற்றிவந்தது கருத்தடை மாத்திரை. சித்திரபுரத்துக்கு அப்பாலிருந்து ஆஸ்பத்திரி ஜீப் மாதாமாதம் அதை மலைக்குக் கொண்டுவரும். லயத்தில், தோட்டக்காரர்களின் அந்த ஒற்றையறை வரிசை வீடுகளில், வைத்தால் புருஷன்மார் கண்ணில் படும் என்று, எல்லாம் ஆயா பூமாரியிடம் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள். பிள்ளையைப் பார்க்கும் சாக்கில் ஓடிவரும் பெண்களுக்குத் தினம் ஒன்று கையில் வைப்பாள். அழகுத்தாயின் கடைக்குட்டியும் அங்கேதான் வளர்ந்தது. மாத்திரை விழுங்கத் தொடங்கியபின் அந்த அழுகை கேட்கவில்லை. அழகுத்தாய் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

ஒரு மாதம் ஜீப் வரவில்லை. அடுத்த மாதம் டிரைவர் அமிர்தநாதன் மழையில் நனைந்துகொண்டு நடந்தே வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"இதாம்மா கடைசி. சீமையிலருந்து வந்த பணத்த நிறுத்திப்புட்டாங்க. டாக்டரம்மா போயிட்டாங்க, வண்டியையும் வித்தாச்சு."

"ஏன் நிறுத்துனாங்களாம்?" என்றாள் பூமாரி.

"நமக்கு யாரு சொல்றா?" அவர் கையை விரித்துவிட்டார்.

கடலுக்கு அந்தப்பக்கம் எவனோ ஒருவன் போதும் என்றான். இந்த மலையில் பெண்கள் பொட்டலத்தைச் சுற்றி நின்று மாத்திரையை எண்ணினார்கள். இவர்கள் மூஞ்சியை அவன் ஒருநாளாவது பார்த்திருப்பானா? சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்பார்கள், புருஷனைக் கூட்டிவா என்பார்கள்; கலைக்கக் கேட்டாலும் அதே பேச்சுதான்.

லயத்தில் ஒரு வழக்கம். கோயில் கிடாக்கறி என்றால் வீட்டுக்கு ஒரு கூறு. ஒருத்திக்கு ஒரு துண்டு கூடினாலும் அடிதடிதான். பூமாரி மாத்திரையையும் அப்படியே கூறு போட்டாள். தினமும் விழுங்கினால் சட்டென்று தீர்ந்துவிடும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பாதி மருந்து பாதியாவது காக்கும் என்று நம்பினார்கள். அடிப் பாவிகளா, விட்டு விட்டுத் தின்றால் அது மருந்தே இல்லை என்று எடுத்துச்சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

"யாருக்கும் கொறையில்லல்ல?" என்று கேட்டாள் பூமாரி.

எனக்கு மட்டும் முழுசாகக் கொடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று அழகுத்தாய்க்கு நாக்கு நுனிவரை வந்தது. அடுத்தவள் கூற்றில் எப்படிக் கைவைப்பது? மானம் தடுத்தது. தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

மழை வெறித்த வாரம் மூன்றாம் நம்பர் காட்டில் மறுபடி அழுகை கேட்டது. பக்கத்தில் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. அழகுத்தாய் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குக் குளிக்க வேண்டிய நாள் என்றோ தாண்டியிருந்தது.

கொட்டகைக்குப் போய்ச் சொன்னாள். "மதினி, நின்னுபோச்சு."

பூமாரிக்கு முகம் வெளிறியது. "ஏட்டி, எல்லாருக்கும் சமமாத்தான குடுத்தேன்! ஒன்னைய வஞ்சிச்சேனா?"

"இல்ல மதினி. நீ ஒரு வஞ்சகமும் பண்ணல."

மறுநாள் காலையில் கடைக்குட்டியை வாசலில் இறக்கிவிட்டவள் உள்ளே வரவில்லை.

"இனிமே இவளுக்கு நீயே சோறூட்டு மதினி. ஒன் மடியிலயே தூங்கட்டும்."

"என்னட்டி பேச்சு இது? பெத்தவ நீ உசுரோட இருக்கையில..."

"இருக்கையிலயே பழகிக்கிடட்டும்."

பிள்ளை "அம்மா, அம்மா" என்று வீறிட்டுக்கொண்டு ஓடிவந்தது. பூமாரி அதை இழுத்து அணைத்துக்கொண்டாள். அழகுத்தாய் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் மேட்டில் ஏறினாள்.