செங்கோடனின் சட்டைக்கையில் என் தூக்கம்

மூவாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். செங்கோடனுக்கு நான் தர வேண்டியது அவ்வளவுதான். மூணு சீட்டில் ராணி எதுவென்று காட்டும் ஆட்டத்தில் தோற்றது. அடமானமாக என் தூக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டான்.

பகலில் மஞ்சள் மண்டியில் மூட்டை சுமந்தேன். ராத்திரி சும்மா கிடந்ததால் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அந்த வகையில் செங்கோடனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என் தூக்கத்தையும் சேர்த்து அவனே தூங்கினான். அதனால் அவனுக்கு வருஷத்துக்கு ஒரு வயது குறைந்தது. கன்னம் பளபளவென்று இருந்தது.

செவ்வாய்ச் சந்தைக்கு புரொபசர் யாகூப் வந்தார். மேஜிக் செய்கிறவர். இப்போது தொப்பியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. சூதாட்டக்காரர்கள் ஒளித்து வைத்ததை வெளியே எடுப்பதுதான் தொழில். காங்கயத்தில் தாயம் உருட்டுகிற ஒருவனின் வாய்க்குள்ளிருந்து, தோற்றவருக்கு அவர் வீட்டையே எடுத்துக் கொடுத்திருக்கிறார், தாழ்ப்பாளோடு.

"என்ன தோத்தீங்கண்ணே?" என்று கேட்டார்.

"தூக்கமுங்க."

"எத்தன வருசத்துது?"

"பதினொண்ணுங்க."

"கனமா இருக்குமே. சுமப்பீங்களா?"

"அதுதானுங்களே நம்ம வேல."

செங்கோடன் மூன்று சீட்டையும் கவிழ்த்துப் போட்டிருந்தான். சுற்றிலும் ஒரு கூட்டம். அவன் முகத்தைத் திருப்பிய நேரத்தில், கூட்டத்தில் ஒருவன் இதுதான் ராணி என்பதுபோல் ஒரு சீட்டின் மூலையை மடித்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினான். அன்றைக்கும் இவன்தான் காட்டினான். மடித்த சீட்டை நம்பித்தான் நான் பணம் கட்டினேன்.

புரொபசர் சீட்டைப் பார்க்கவில்லை. நின்றவர்களின் காதுகளைப் பார்த்தார். எல்லோருக்கும் வலது காது நுனியில் மடிந்திருந்தது.

"இவங்க எல்லாம் சீட்டுக்கட்டோட வந்தவங்க," என்றார்.

ஒவ்வொரு காதாக நிமிர்த்திவிட்டார். நிமிர்ந்தவர்கள் மெலிந்து, ஒருவர் மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டார்கள். புரொபசர் ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்தார்.

பிறகு என் காதைத் தடவினார். "நேரா இருக்கு. இங்க நெசமாத் தோத்தது நீங்க ஒருத்தர்தான்."

இவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏனுங்க புரொபசர், பொழப்பக் கெடுக்கறீங்க," என்று செங்கோடன் கொட்டாவி விட்டான். அது என் கொட்டாவி. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

புரொபசர் சீட்டுகளைத் திருப்பினார். மூன்றில் ஒன்றுகூட ராணி இல்லை.

"ராணி எங்க?"

"இருந்துச்சுங்க."

ராணி எதிர் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிரீடத்தில் மஞ்சள் தூள் படிந்திருந்தது.

"நான் வேலைய விட்டுப் பன்னெண்டு வருசமாச்சு," என்றார். "என்னைய நம்பியா இவரு பணங் கட்டுனாரு?"

"ஆமாங்கம்மா," என்றேன்.

"பாவம்." பாதி பஜ்ஜியை எனக்குக் கொடுத்தார்.

"ராணி இல்லாத ஆட்டத்துக்குக் கடன் நிக்காது," என்றார் புரொபசர். செங்கோடனின் சட்டைக்கைக்குள் கையை விட்டு இழுத்தார். முதலில் போர்வை நுனி வந்தது. அடுத்து என் குறட்டை. பிறகு மீதியெல்லாம், சாக்கில் கட்டியபடி, வெதுவெதுப்பாக. செங்கோடனுக்கு அங்கேயே நரை விழுந்தது.

"மாரப்பண்ணா," என்றான் என்னிடம். "ஒரே ஆட்டம். இந்தச் சாக்க வைங்க. ரெண்டு சாக்காத் தர்றேன்."

புரொபசரின் முகம் களைத்துப்போனது.

"உங்களுக்கு என்னங்க குடுக்கறது?" என்று அவரைக் கேட்டேன்.

"தூங்குங்க, நான் பாக்கணும். மீட்டுக் குடுத்தத யாரும் எம் முன்னால அனுபவிச்சதில்ல. அடுத்த ஆட்டத்துக்கு ஓடிருவாங்க. அந்தக் காங்கயத்துக்காரரும் வீட்டத் திரும்பப் பந்தயத்துல வெச்சுட்டாரு."

சாக்கைத் தோளில் ஏற்றி, லாரி நிழலில் இறக்கி, அவிழ்த்துப் படுத்தேன். புரொபசர் துண்டால் விசிறினார். ராணி ஈ ஓட்டினார். மண்டி ஆட்கள் என்னைத் தாண்டித் தாண்டி மூட்டை இறக்கினார்கள். ஒருவரும் எழுப்பவில்லை.

செங்கோடன் என் கால்மாட்டில் நின்று, மூவாயிரத்து எழுநூற்று நாற்பதை ஒவ்வொரு ரூபாயாக வாய்விட்டு எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் சொன்னான். கடைசி ரூபாயும் கழிந்ததும், குனிந்து போர்வையை இழுத்து என் பாதத்தை மூடிவிட்டான்.