துண்டுக்குள் பிடித்த ஒரு விரல்

உதட்டுக்கு முன்னால் நிற்கிறது கரண்டி, அதில் இளநீர் நடுங்குகிறது, கரண்டிக்குப் பின்னால் என் பெண்டாட்டி ஆவுடை, லாபம் என்கிறாள், முதலாவதை ஒன்று என்று எண்ணும் வழக்கம் வியாபாரி வீட்டில் கிடையாது, இரைப்பையை அறுத்துத் தைத்த மறுநாளும் எண்ணிக்கை லாபத்தில்தான் தொடங்கும், இளநீர் இறங்குகிறது, தொண்டை தாண்டி நெஞ்சு தாண்டி அது நடந்து போகும் தடம் தெரிகிறது, அண்டா அண்டாவாக உள்ளே போனபோதெல்லாம் தெரியாத பாதை, ரெண்டு என்கிறாள், நான் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் நிற்கிறேன், வெயில், புழுக்கை வாடை, கிடாயின் முதுகெலும்பில் கட்டைவிரலை அழுத்தினால் கறி எவ்வளவு விழும் என்று சொல்லிவிடுவேன், தராசு பின்னால் வந்து எனக்குச் சாட்சி சொல்லும், அப்பேர்ப்பட்டவன் ஏறி நின்றதும் ஆஸ்பத்திரித் தராசு முழித்தது, எறங்கிட்டு இன்னொருக்கா ஏறுங்க ஐயா என்றாள் நர்ஸ், ஏறுனா கொறையுமாம்மா என்றேன், அவள் சிரித்தாள், எனக்கு அந்தச் சிரிப்புக்கும் மூச்சு பத்தவில்லை, படுத்தால் அடைக்கும், சுவரில் சாய்ந்தபடியே வருடக்கணக்கில் உறங்கினேன், மூச்சு நிற்கும்போதெல்லாம் உலுக்கி எழுப்பி ஆவுடையின் கண்ணுக்குக் கீழே கரி படிந்துவிட்டது.

இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துட்டு ஒரு குழாய் மாதிரி விட்ருவோம் என்கிறார் டாக்டர், அறுப்பதற்கு முந்தி, என் மகன் வயசிருக்கும், பாதிய விட்டு வையுங்களேன் என்கிறேன், அவர் மாட்டேன் என்று தலையாட்டுகிறார், பேச்சு முறிகிற அந்த இடத்தில் என் கை தானாகவே தோள்துண்டை எடுத்து அவர் கைமேல் போர்த்துகிறது, சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை, துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேச்சு, ஏங்க, அவரு டாக்டரு, கெடா விக்க வந்தவரு இல்ல என்று ஆவுடை முழங்கையால் இடிக்கிறாள், நான் அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தேன், அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, துண்டுக்குள்ளேயே என் கையைத் திருப்பி ஒரே ஒரு விரலை அழுத்தினார், இந்தப் பருமன்தான் ஐயா மிஞ்சும், ஆனா பசியத் தூண்டுற பகுதியும் அதோட போயிரும், முன்ன மாதிரி பசிக்காது என்றார், விற்கிறவன் சரக்கைப் புகழ்ந்தால் காதைப் பொத்திக்கொள் என்று வளர்ந்தவன் நான், வெளியே வந்ததும் மைத்துனன் சுடலைமணி, அத்தான், சாக்கைச் சின்னதாத் தச்சா களத்து நெல்லு கொறைஞ்சிருமா என்றான், அந்தச் சொல் முள்ளாக ஏறிவிட்டது, மேசையில் படுக்கவைத்தபோதும் சாவை நினைக்கவில்லை, பிழைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் உதறியது, விரல் பருமன் வயிறும் சந்தை பருமன் பசியுமாக, ஆயுசுக்கும்.

மயக்கத்தில் பசி ஒரு கிடாயாக வந்தது, கருப்பு, என் உயரம், கயிற்றை நான் பிடித்திருக்கிறேனா கயிறு என்னைப் பிடித்திருக்கிறதா, இழுத்த இழுப்புக்கெல்லாம் ஓடுகிறேன், கல்யாணப் பந்திகள், பரோட்டாக் கடைகள், எழவு வீட்டுச் சோறு, எங்கேயும் நின்று மூச்சு வாங்கவிடவில்லை, மூணு என்கிறாள் ஆவுடை, நான் கையைக் காட்டுகிறேன், போதும், என் வாயிலிருந்துதான் வந்தது, அவள் கரண்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், யாரு பேசுனா என்று கேட்கிறாள்.

மத்தியானம் சுடலைமணி அவளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான், அவள் அதை முந்தானைக்குள் மறைத்து வராந்தாவுக்கு நழுவுகிறாள், ஏ புள்ள, இங்கனயே உக்காந்து சாப்புடு, வேண்டாங்க, வாடை ஒங்களைப் பாடாப் படுத்தும், படுத்தட்டும், பிரி, எத்தன நாளைக்கு ஒளிஞ்சு திம்ப என்கிறேன், பிரிக்கிறாள், பரோட்டா, சால்னா, அந்த வாடை அறையை நிறைக்கிறது, நான் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடுகிறேன், வரும், இலை சரசரத்தாலே நாலு தெரு தாண்டி ஓடிவருவது, இப்போது வரும், காத்திருக்கிறேன், வாடை மூக்கில் ஏறுகிறது, மணக்கிறது, நன்றாகவே மணக்கிறது, அவ்வளவுதான், ஒரு பூ மணப்பதைப் போல மணந்துவிட்டுப் போகிறது, உள்ளே யாரும் கயிற்றை இழுக்கவில்லை, கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதைப்போல அப்படியொரு அமைதி, இது என் உடம்பா, இதற்குள்ளா இத்தனை இடம் இருந்தது, கண்ணைத் திறக்கிறேன், ஆவுடை பரோட்டாவைப் பிய்த்துத் தோய்த்து உதட்டருகே நிறுத்தியபடி, பசிக்குதாங்க என்று பயந்து கேட்கிறாள், இல்ல புள்ள என்கிறேன், அவள் வாயில் போடுகிறாள், இடது பக்கமாக மெல்லுகிறாள், காரத்துக்கு மூக்கு நுனி சிவக்கிறது, இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவன் இலையைவிட்டுக் கண்ணை எடுத்ததில்லை, இவள் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன், மெதுவாச் சாப்புடு என்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.