இடது கண்ணை மூடிக்கொண்டு

பிரேமா மூன்றாவது முறையாக எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். யாரோ ஒரு புண்ணியவான் திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டுக்கொண்டே இருந்தார். காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும், காய்ந்தால் யாருக்கும் உதவாது என்று கண் வங்கிக்காரர்கள் போனிலேயே சொல்லியிருந்தார்கள். தலைக்கு இரண்டு தலையணை, மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு என்று அப்பா ஏழுமலை கூடத்தில் படுத்திருந்தார். ஆரம்பாக்கத்து மே மாத வெயிலில், துக்கத்துக்கு வந்தவர்கள் அழுததைவிட வியர்த்ததே அதிகம்.

"கேரம் ஆடச்சொல்லோ பவுடர் பறக்குதுன்னு ஃபேன நிறுத்துவாரு. இன்னிக்கும் நிறுத்திட்டாரு பாரு" என்றாள் அம்மா அங்காளம்மாள். ஒப்பாரியில் இருந்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிச் சமாளித்தாள்.

உயிர் போனது காலை ஆறு பத்துக்கு. ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். கண் வங்கியின் ஹம்ஸா உதவியாளருடன் பத்தரைக்கே வந்துவிட்டாள். படிவத்தில் கையெழுத்தும் ஆயிற்று. ஆனாலும் பதினொன்றே கால் ஆகியும் அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. வாசலில் வீரராகவன் நின்றார்.

வீரராகவன் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், அதிகாரத்துக்கு அல்ல. நகர் நலச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு கூட்டம் போடுவார், எரிந்துவிட்டால் நன்றி சொல்ல இன்னொன்று. இப்போது பேனர் வந்துகொண்டிருந்தது. பேனர் வந்ததும் சால்வை, சால்வைக்குப் பின் சிற்றுரை, சிற்றுரைக்குப் பின் புகைப்படம், அதற்கப்புறம்தான் மருத்துவக் குழு உள்ளே போகலாம் என்பது அவர் வகுத்த நிகழ்ச்சி நிரல். ஹம்ஸா இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினாள். முப்பத்து நான்கு வருடம் நேரம் தவறாமல் வேலை பார்த்தவனுக்கு நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றார் அவர்.

பதினொன்று இருபதுக்கு பைக்கில் பேனர் வந்தது. 'இரு கண்களாலும் இருவருக்கு ஒளி தந்த வள்ளல்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஏழுமலை சிரித்தார். நடுவில், அவரைவிடப் பெரிதாக, வீரராகவன் கைகூப்பினார்.

பிரேமா அதை இரண்டு முறை படித்தாள். வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில், இரும்புச் சில்லு ஒன்று அப்பாவின் இடது கண்ணில் பாய்ந்தது. கண் கிழிந்து பார்வை போயிற்று. இதை அப்படியே விட்டுவைத்தால் சமயத்தில் நல்ல கண்ணையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் அதை எடுத்துவிட்டார். குழிக்குள் ஒரு உருண்டையை வைத்துச் சதையோடு தைத்தார்கள். பிறகு அப்பாவை எதிரே உட்கார வைத்து, நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து, சிவப்பு நரம்பு வரைக்கும் வரைந்து ஒரு செயற்கைக் கண் செய்து பொருத்தினார்கள். அது அசையும், மூடும், திறக்கும். பார்க்க மட்டும் பார்க்காது. அதன் பிறகுதான் இந்த நகருக்குக் குடிவந்தார்கள். வீட்டாரைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது.

முக்கியமாக வீரராகவனுக்குத் தெரியாது. பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் கேரமில் அப்பாவுக்கு அவர்தான் எதிராளி. தோற்றவர் மசால் வடை வாங்கிவர வேண்டும். ஆட்டம் இறுகும்போது அப்பா சொல்வார்: "சார், உங்கள ஜெயிக்க ஒரு கண்ணே போதும்." சொல்லிவிட்டு இடது கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளுவார். வீரராகவன் ஆடிப்போவார். பிறகு வடை வாங்கப் போவார்.

போன மாதம் அப்பா படுக்கையில் கிடந்து பிரேமாவிடம் சொன்னார்: "நான் போனப்புறம் அந்தாளாண்ட சொல்லிடு. மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாத்துக்கினு வந்து எனுக்குச் சொல்லணும்."

"செத்தப்புறம் எப்டிப்பா சொல்றது?"

"அத நீதான் பாத்துக்கணும்."

பதினொன்று முப்பத்தைந்து. வீரராகவன் தொண்டையைக் கனைத்து, "பேரன்புடையீர்" என்று ஆரம்பித்தார். பிரேமா அவர் அருகே போய் நின்றாள்.

"சார், ஒரு கண்ணுதான்."

"என்னம்மா?"

"இருக்கிறது ஒரு கண்ணுதான் சார். அதுவும் லேட்டானா வீணாப்பூடும். இடது கண்ணு ஆஸ்பத்திரில செஞ்சு வெச்சது. பத்தொம்போது வருசமா."

வீரராகவனின் வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடியே நின்றது. கண்கள் பேனருக்குப் போயின, அங்கிருந்து கூடத்துக்கு, அங்கிருந்து சுவரில் சாய்ந்திருந்த கேரம் பலகைக்கு. அவருடைய இடது இமை தானாக ஒரு முறை மூடித் திறந்தது. கணக்கு புரிந்துவிட்டது.

"அப்போ... அந்தக் கண்ணைத்தானா மூடினான்?"

"ஆமா சார்."

முகம் முதலில் சிவந்தது. பிறகு கன்னம் இரண்டும் நடுங்கின. திட்டப்போகிறார் என்று நினைத்து பிரேமா ஓரடி பின்வாங்கினாள். அவர் வாசலைவிட்டு விலகி, ஹம்ஸாவுக்கு உள்ளே கையைக் காட்டினார். வேப்ப மரத்தடி நாற்காலியில் போய் விழுந்து, சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "படவா" என்றார். "பதினொரு வருஷம்டா, படவா."

இருபது நிமிடத்தில் ஹம்ஸா வெளியே வந்தாள். நேரத்தோடு எடுத்துவிட்டோம், கருவிழி தெளிவாக இருக்கிறது என்றாள். செயற்கைக் கண்ணை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டும்மா. அது இல்லாட்டி அவரு மூஞ்சியே இல்ல" என்று அங்காளம்மாள் சொல்லிவிட்டாள். கண்ணை வைத்த ஐஸ் பெட்டி ரயிலடிப் பக்கம் கிளம்பியது.

பேனர் சுருண்டு கிடந்தது. கேரம் பலகை எப்படியோ மரத்தடிக்குப் போயிருந்தது. வீரராகவன் சிவப்புக் காயை நடுவில் வைத்து, இடது கண்ணை மூடி, வெகுநேரம் குறிபார்த்துச் சுண்டினார். காய் அசையவேயில்லை. ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் போய் மண்ணில் விழுந்தது. மூடிய கண்ணைத் திறக்காமல் அவர் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேமா அந்த முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டாள். அப்பாவின் நெற்றி முடி லேசாக அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்தாள்.