எல்லம்மா பொட்டில்லாமல் இருந்த எட்டு நாள்

1969ஆம் வருஷம் ஐப்பசி மாதம் காக்களூர் எல்லம்மாவின் நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஓட்டை விழுந்தது. எதிரே நின்று பார்த்தால் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த அடுப்பு தெரிந்தது. ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. காற்றடித்தால் மட்டும் லேசாக விசில் கேட்டது. அந்த வருஷம் மழையும் சுமார்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஓரத்தில் ஒரு குங்கும மில் வந்தது. எல்லம்மாவின் புருஷன் வரதனுக்கு அங்கே சாயம் கலக்கிற வேலை. மூட்டை மூட்டையாக ஏதோ வெள்ளை மாவு, டின் டின்னாக ஏதோ சிவப்புப் பொடி. என்ன ஏது என்று கேட்டவனை மேஸ்திரி முறைத்தான். ஆனால் நிறமென்றால் அப்படியொரு நிறம்! வேர்த்தாலும் அழியாது, குளித்தாலும் போகாது. பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போன கூட்டமெல்லாம் அதைத்தான் வாங்கிப்போனது. வரதனுக்கு வாரம் ஒரு பொட்டலம் இனாம். எல்லம்மாவின் நெற்றி முதலில் அரித்தது, அப்புறம் வெளுத்தது, வெளுத்த இடம் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து ஒருநாள் இல்லாமலே போனது. அவள் ஓட்டையில் மெழுகை அடைத்து அதன்மேல் இன்னும் பெரிய பொட்டாக வைத்தாள். ஓட்டையும் பெரிதானது. பைத்தியக்காரத்தனம்தான். புருஷன் உயிரோடிருக்கும்போது வெறும் நெற்றியோடு தெருவில் இறங்க எவளுக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்.

திருவள்ளூர் டாக்டர் அந்த ஓட்டை வழியாகச் சுவர்க் காலண்டரில் தேதியைப் பார்த்து, மருந்துச்சீட்டில் எழுதிக்கொண்டார். "அந்தச் சாயத்த உடும்மா. கொஞ்ச நாளைக்கி நெத்திய சும்மா உடு" என்றார். எல்லம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் மறுபடி மெழுகை அடைத்தாள். ஆனால் ஒரு காரியம் செய்தாள். மகள் குணசுந்தரியின் நெற்றிக்கு அந்தக் குங்குமத்தை அண்டவிடவில்லை. ஜவ்வரிசியைக் கருக்கித் தானே காய்ச்சிய சாந்தைத்தான் வைத்துவிட்டாள். தினமும் காலையில் மகளின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். கெட்டியாக இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

1972 ஆனியில் குணசுந்தரிக்கு மணவாள நகரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் அம்மா கெங்கம்மாள், முழு ரூபாய் அகலத்துக்குச் சிவக்கச் சிவக்கப் பொட்டு வைத்தவள், எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டாள். எல்லம்மா தயங்கித் தயங்கி ஒரே ஒரு பேச்சுதான் எடுத்தாள். என் பொண்ணுக்கு மில் குங்குமம் வேண்டாம், மஞ்சளில் நானே இடித்துத் தருகிறேன்.

"மஞ்சா குங்குமமா? மத்தியானத்துல அழிஞ்சிடும். அப்பால வெறும் நெத்தியோட நின்னா என் புள்ள உசுரு இன்னாத்துக்கு ஆவறது?" என்று எழுந்துவிட்டாள் கெங்கம்மாள்.

எல்லம்மாவுக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ! "எட்டு நாளு நான் வெறும் நெத்தியா கீறேன். எம் புருசன் நல்லா இருந்தாருன்னா நீ ஒத்துக்கணும்."

வெற்றிலைத் தட்டு அப்படியே நின்றது. எல்லோரும் வரதனைப் பார்த்தார்கள். அவன் மகளைப் பார்த்துவிட்டு எல்லம்மாவிடம், "தொடச்சிட்டு வாடி. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்" என்றான்.

அந்த எட்டு நாள் காக்களூரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வரதன் மில்லுக்குப் போகவில்லை, தண்டவாளம் தாண்டவில்லை, கிணற்றடிப் பக்கம் போகவில்லை, மீன் தின்றால் முள் சிக்கும் என்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டான். போகிற வருகிறவர்கள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தார்கள். சிலர் மெழுகெடுத்த எல்லம்மாவின் ஓட்டை வழியாகவே பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லம்மா தண்ணீருக்குப் போனால் சுமங்கலிகள் கதவைச் சாத்தினார்கள். அவளுக்கும் பயம்தான். அடுப்பூதிக்கொண்டே அரை நாழிகைக்கு ஒருதரம் "யோவ்" என்பாள். அவன் "கீறேன்" என்பான்.

ஐந்தாம் நாள் காலை வரதன் இருமினான், இருமி இருமிச் சிவப்பாகத் துப்பினான். எல்லம்மா அலறிக்கொண்டு மாடத்திலிருந்த மில் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். விரல் நெற்றிக்குப் போய்விட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "இரு, இரு. ஒரு லோட்டா தண்ணி கொண்டா." அதில் துப்பினான். சிவப்பு பூப்போல விரிந்து, தண்ணீர் முழுக்க அழகாகக் கரைந்தது. "ரத்தம் இல்லடி, மில்லு சாயம். அஞ்சு வருசமா உள்ள போனது வெளிய வருது." எட்டாம் நாள் வரைக்கும் அவன் சிவப்பாகவே துப்பினான். பொட்டலத்தை அவள் சாக்கடையில் கொட்டினாள். அந்தச் சாக்கடை மூன்று மாதம் சிவப்பாக ஓடியது.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் கெங்கம்மாள் வந்தாள். வரதனைச் சுற்றி வந்து பார்த்தாள், கையைக் கிள்ளிப் பார்த்தாள். அவன் "ஆ" என்றான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கி, முந்தானையை நனைத்துத் தன் பொட்டைத் துடைத்தாள், மெழுகைப் பெயர்த்து எடுத்தாள். நெல்லிக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "நாலு வருசமா அடைச்சிக்கினு கீறேன்டி எல்லம்மா. ஊட்ல யாருக்கும் தெரியாது" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. குண்டு மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, வெங்காரம், ஒரு சொட்டு நல்லெண்ணெய், இவ்வளவுதான் எல்லம்மா இடித்த குங்குமம். முகூர்த்தத்துக்கு வைத்தது பந்திக்குள் கலைந்துவிட்டது. மாப்பிள்ளை இரண்டாம் பந்தியில் நன்றாகவே சாப்பிட்டான்.

ஓட்டைகள் மூடவில்லை. 1975க்குள் அந்தப் பக்கத்தில் எழுபது எண்பது பெண்கள் மெழுகை எடுத்துவிட்டிருந்தார்கள். பஸ் கண்டக்டர்களும் பழகிவிட்டார்கள். சாயங்கால வெயிலில் அந்தப் பெண்கள் நடந்தால், தரையில் விழுகிற நிழலின் தலையில் ஒரு வெளிச்சப் பொட்டு கூடவே வரும். தாய் வீட்டுக்கு வந்து திரும்பிப் போகிற குணசுந்தரியின் நிழல் மட்டும் முழுசாக, கறுப்பாக இருக்கும். அவள் தெருமுனை திரும்புகிறவரை எல்லம்மா வாசலில் நின்று அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் உலை வைப்பாள்.