காயாத வேட்டி

1995 சித்திரையில் தி.நகர் ராமேசுவரம் சாலையின் ஒரு மொட்டைமாடியில் துவைத்துப் போட்ட பொன்ராஜின் வேட்டி காயவில்லை. அக்கினி நட்சத்திரம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த கோடை அது. குடியிருப்புப் பெண்கள் அதன் கீழே குடம் வைத்தார்கள். "இன்னா சுந்தரி, உன் வூட்டுக்காரரு வேட்டிக்கு மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் வாங்கிக்கினியா?" என்றாள் எதிர்வீட்டு ஜைதூன் பீ. சுந்தரவல்லியும் சிரித்தாள். பொன்ராஜ் சிரிக்கவில்லை.

அவன் ஜவுளிக்கடையில் கொள்முதல் பார்ப்பவன். சேலை எடுக்க வடக்கே போன இடத்தில், தரகர் அழைத்துப்போன ஒரு வீட்டிலிருந்து பால்வினைப் புண்ணோடு திரும்பியிருந்தான். கடைக்காரர்கள் கண்ணில் படாமல் திருவான்மியூர் வரை பஸ்ஸில் போய் ஊசி போட்டுக்கொண்டான். "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க சார், இல்லேன்னா திரும்ப வரும்" என்றார் அந்த டாக்டர். கூட்டிப்போனால் எதற்கென்று கேட்பாள். பொன்ராஜ் அந்த டாக்டரிடம் போவதையே விட்டான். அந்த வாரம் வேட்டி மொடமொடவென்று காய்ந்தது. மறுவாரம் சுந்தரவல்லியின் சேலை சொட்டத் தொடங்கியது.

ஈரச் சேலையையே கட்டிக்கொண்டு அவள் சமைத்தாள். அடிவயிற்று வலியைச் சூடு என்று நினைத்து வெந்தயம் விழுங்கினாள். ஒரு மத்தியானம் சோறு போடும்போது, "எனக்குத்தான் என்னமோ பொம்பளச் சீக்கு வந்திருக்கு. உங்களுக்கு ஒட்டிரப்போவுது. தள்ளிப் படுத்துக்கிடுதேன், கோவிக்காதிய" என்றாள். பொன்ராஜ் தலை நிமிராமல் ரசம் கேட்டான். அப்போதே அவளிடமிருந்து நோய் அவனுக்குத் திரும்பியிருந்தது. அந்தப் புண்ணோடுதான் அடுத்த கொள்முதலுக்கும், அதே வீட்டுக்கும் போனான்.

ஐப்பசியில் கொடியில் இரண்டும் சொட்டின. காய்ச்சலில் விழுந்த சுந்தரவல்லி துணி எடுக்க வரமுடியாத நாளில் பொன்ராஜே மாடி ஏறினான். இரண்டிலிருந்தும் நீர் தலையில் விழ வெகுநேரம் நின்றான். கீழே இறங்கி, சொட்டும் தலையோடு, எல்லாவற்றையும் சொன்னான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அப்ப நீங்க மட்டும் ஊசி போட்டுக்கிட்டு வந்திய. நான் மன்னிப்புக் கேக்கயில ரசம் ஊத்தச் சொன்னிய" என்றாள்.

அரசு மருத்துவமனையில் இருவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்து, ரத்தமும் எடுத்தார்கள். சுந்தரவல்லியின் சேலை காய்ந்தது. அவள் ரத்தத்தில் எச்.ஐ.வி. இல்லை, சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. பொன்ராஜுக்கு இருந்தது. புண் இருந்தால் அந்தக் கிருமி சுலபமாக நுழைந்துவிடும் என்றார் மருத்துவர். அவன் வேட்டி பிறகு காயவே இல்லை.

மருத்துவமனையில் அவர்களை யாரோ பார்த்துவிட, விஷயம் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாடியிலிருந்து குடங்கள் மறைந்தன. சுந்தரவல்லி அந்த வேட்டியைத் தன் சேலைக்குப் பக்கத்திலேயே போட்டுவந்தாள், அவனோடு பேச்சில்லாமல்.

அடுத்த கோடையில், லாரி வராத ஒரு காலையில், ஜைதூன் பீ குடத்தோடு மேலே வந்தாள். "அது அவிய வேட்டி, அக்கா" என்றாள் சுந்தரவல்லி.

"தெர்யும். தண்ணில அது ஒட்டாதுன்னு நர்ஸம்மா சொல்லிக்கீது. நவுரு."

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பொன்ராஜ் மாடிப்படியிலேயே நிற்பான். கடைசிக் குடமும் நிறைந்து பெண்கள் இறங்கிப் போன பிறகுதான் மேலே போய், ஈர வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவான்.