பதினெட்டு வாத்தும் ஒரு குதிர் தீனியும்

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் பின்புறம் குடியிருந்தவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் ஒரு பாசஞ்சர். இரண்டும் கைகாட்டி மரத்தருகே வரும்போது ஒரு ஊதல் ஊதும். அதைக் கேட்டு என் பெண்சாதி செண்பகம் அடுப்பு மூட்டுவாள். நான் என் பதினெட்டு வாத்துக்கும் தீனி வைப்பேன்.

இந்த ஏற்பாட்டை வாத்துகள் என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தன. ஒரு நாள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். தொட்டி நிறையத் தீனி வைத்தும் ஒரு வாத்தும் வாயை வைக்கவில்லை. நானே வாயால் ஊதிப் பார்த்தேன். கள்ள ரூபாயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தன. வண்டி வந்து முறைப்படி ஊதிய பிறகுதான் சாப்பிட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் வரை இதில் ஒரு குறையும் இல்லை. அந்த வருஷம் யுத்தத்தால் அரிசி அருகிப்போயிற்று. தவிடு அதைவிட அருகிப்போயிற்று. ஆடி மாதமே நான் தீனி தேடிக் கிளம்பினேன். கிளியனூரில் நொய்யும் கேப்பையும் கிடைத்தன. கோட்டக்குப்பத்தில் கருவாட்டுத் தூள் ஒரு சாக்கு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் பிண்ணாக்குக்கு மட்டும் கடைத்தெருவில் செக்கு வைத்திருந்த ஜம்புகுமாரிடம் போகவேண்டியிருந்தது. அவர் செஞ்சிப் பக்கத்து ஜைனர். முட்டை என்ற சொல்லைக்கூடத் தம் கடையில் சொல்ல விடமாட்டார்.

"பிண்ணாக்கு எதுக்குய்யா?"

"வாத்துக்குங்க."

"அது எத்தையோ போடும்ல, அதுக்குன்னா குடுக்க மாட்டேன். அதுக்குப் பசிக்குதுன்னா குடுப்பேன்."

"பசிக்குதுங்க."

"அப்ப எடுத்துக்கினு போ."

கருவாட்டுத் தூள் நான் கொண்டுவந்த மாட்டு வண்டியில் அடியில் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கும் இல்லை.

எல்லாவற்றையும் மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கலந்தேன். சமையல் மூலையில் நின்ற, தானியம் கொட்டி வைக்கும் மண் குதிரின் அடியில் சாம்பல் போட்டு, வேப்பிலை பரப்பி, தீனியைக் கழுத்துவரை கொட்டி, மேல் வாயை மூடிச் சாணத்தால் மெழுகினேன். தினமும் எடுப்பதற்குக் குதிரின் அடியில் ஒரு துவாரம் உண்டு. அதில் ஒரு துணி அடைப்பு. பதினெட்டு வாத்து, இரண்டு வேளை, தை மாதம் வரை தாராளம்.

செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குதிரைச் சுற்றி வந்தாள்.

"இத பாருங்க. மனுசனுக்கே கஞ்சி இல்லாத நாளு இது. தை ஒண்ணாந் தேதிக்கு இந்தக் குதிர்ல தீனி மிச்சம் இருந்தா வாத்து நம்மகிட்ட இருக்கட்டும். அதுக்குள்ள தின்னு தீத்துச்சுன்னா என் தம்பி வந்து ஓட்டிக்கினு போவான். அப்புறம் பேச்சு கூடாது."

அவள் தம்பி சின்னதுரை சந்தையில் கறிக்கடை வைத்திருந்தான். நான் சரி என்றேன். கணக்கு என் பக்கம் இருந்ததால் சற்றுப் பெருந்தன்மையாகவே சொன்னேன்.

ஆவணியில் மிலிட்டரி ரயில் வண்டிகள் வர ஆரம்பித்தன.

முதல் நாள் பதினொரு ஊதல். பதினொரு தடவையும் வாத்துகள் தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்றன. மூன்றாவது தடவையோடு தீனியை நிறுத்திப் பார்த்தேன். பதினெட்டும் ஒன்றாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டன. மறுநாள் ஒரு முட்டைகூட இல்லை. அதற்கும் மறுநாள் செண்பகத்தின் முந்தானையைக் கவ்வித் தொட்டிவரை இழுத்துக்கொண்டு போயின. வேறு வழியில்லாமல் ஊதல் தவறாமல் தீனி வைத்தேன். புரட்டாசி பிறந்தபோது குதிரைத் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் மத்தளம்போல் கேட்டது.

சின்னதுரை வாராவாரம் விசாரிக்க வந்தான்.

"மாமா, சவுக்கியமா?"

"சவுக்கியந்தான்டா."

"உங்கள இல்லிங்க மாமா. அதுங்கள."

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் வாத்துகளின் காதில் பஞ்சு வைக்கலாம் என்று தீர்மானித்தேன். வாத்துக்குக் காது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு பகல் ஆயிற்று. முப்பத்தாறு காதுக்கும் பஞ்சு வைத்து முடித்த நேரத்தில் ஒரு வண்டி வந்தது. பதினெட்டும் தொட்டிக்கு ஓடின. வாத்துக்குப் பாதம் தட்டை. தண்டவாளம் அதிர்ந்தால் அதற்குக் காலிலேயே கேட்டுவிடும். இது படித்தவர்களுக்கே தெரியாது.

அடுத்து ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடாசலத்தைப் போய்ப் பார்த்தேன்.

"சார், மிலிட்டரி வண்டிங்க ஊதாம வரணும்."

"ஏன்யா?"

"அது ஊதுறப்பல்லாம் என் வாத்துங்க சாப்புடுது சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தாண்டவராயா, உலகமே யுத்தம் பண்ணிக்கினு இருக்குது. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். யுத்தத்தை நிறுத்தச் சொல்லல. ஊதலைத்தான்."

"பேஜாரு புடிச்சவனே, எழுதிக் குடுத்துட்டுப் போ. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாளில் மேலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெங்கடாசலம் படித்துச் சொன்னார். மனுதாரரின் வாத்துகள் ஸ்டேஷன் எல்லைக்கு உள்ளே வசிக்கின்றனவா, வெளியே வசிக்கின்றனவா என்று கேட்டிருந்தார்கள். வெளியே என்று பதில் போட்டோம். அப்படியானால் இதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இன்னொரு கடிதம் வந்தது.

அதற்குள் ஐப்பசி. குதிரில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் மிச்சம். நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பகல் தீனியை அடியோடு நிறுத்தினேன். இந்த முறை வாத்துகள் முதுகைக் காட்டவில்லை. சற்று நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டன. பிறகு வேலியைத் தாண்டி, ஊதினவனையே கேட்டுவிடுவது என்று நேராக ஸ்டேஷனுக்குப் போயின.

பிளாட்பாரத்தில் மிலிட்டரி வண்டி நின்றிருந்தது. பதினெட்டு வாத்து ஒரே வரிசையில், தலை நிமிர்த்தி, இஞ்சினைப் பார்த்து நின்றதைக் கண்டு சோல்ஜர்களுக்கு ஒரே சந்தோஷம். தங்கள் படையில்கூட இப்படி ஒரு வரிசை பார்த்ததில்லை என்று ஒருவன் சொன்னானாம். ஜன்னல் தவறாமல் பிஸ்கோத்தும் ரொட்டியும் வந்து விழுந்தன.

அன்றிலிருந்து வாத்துகள் காலையில் போனால் மாலை பாசஞ்சருக்குத்தான் வீடு திரும்பின. நான் வைக்கும் தீனியை மோந்தும் பார்ப்பதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் குதிர் தீனி அப்படியே இருக்கும்; தை பிறக்கும்; சின்னதுரை வெறுங்கையோடு போவான். சமையல் மூலைக்கு எனக்கு இனி வேலை இல்லை. எப்போதாவது எட்டிப் பார்த்தால் குதிரின் மேல் வாயில் நான் மெழுகிய சாணம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

கார்த்திகை நடுவில் வெங்கடாசலம் ஆள் அனுப்பினார். "ஜல்தி விழுப்புரம் போ. உன் வாத்துங்களைப் புடிச்சு வெச்சிருக்காங்களாம்."

"இன்னா சார் சொல்றீங்க? அதுங்க இங்க உங்க பிளாட்பாரத்துலதான இருக்குது?"

"இங்க வண்டி நிக்கிறது ரெண்டு நிமிஷம். விழுப்புரத்துல தண்ணி புடிக்க அரை மணி நேரம் நிக்கும். எங்க போனா வயிறு ரொம்பும்னு அதுங்களுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

அடுத்த வண்டியில் விழுப்புரம் போய் இறங்கினேன். என் வாத்துகள் மூன்றாவது பிளாட்பாரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு அருகில், வீட்டில் இருப்பதைவிட உரிமையோடு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் வடை விற்கும் சவுரியம்மாளைக் கேட்டேன்.

"இதுங்க எத்தினி நாளா இங்க வருதும்மா?"

"இருவது நாளா நாஸ்தா டைமுக்கு வருது, சாயங்கால வண்டில போவுது. தெனம் வர்றதுங்கதான். நீங்கதான் புதுசா இருக்கீங்க."

டிக்கெட் பரிசோதகர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பதினெட்டும் டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்திருப்பதாகச் சொன்னார்.

"சார், மூணு வயசுக்குள்ள டிக்கெட் உண்டா?"

"கிடையாது."

"இதுல மூத்ததுக்கே ரெண்டரைதான் சார் ஆவுது."

அவர் மூத்தது எது என்று கேட்டார். காட்டினேன். அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயசுக்கு வளர்த்தி அதிகம் என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். மாலை வண்டியில் ஒன்றாகத் திரும்பினோம். எனக்குத்தான் உட்கார இடம் கிடைக்கவில்லை. விக்கிரவாண்டிக்கும் பேரணி ஸ்டேஷனுக்கும் நடுவில் அவை முட்டை போட்டன. இருபது நாளாய் எங்கள் வீட்டில் ஏன் முட்டை இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எதிர்ப் பலகையில் இருந்த அம்மாள் வழக்கம்போலத் தன் கூடையை நீட்டினாள். வாத்துகள் உயிரோடு இருந்தால் போதும், முட்டை எங்கே போனால் என்ன என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் ரேஷன் அரிசிக்குக் காலையிலேயே வரிசை நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு வேளையும் களி. செண்பகத்தின் கைப்பக்குவம் திடீரென்று உயர்ந்துவிட்டது. கேப்பை மணம், மல்லாட்டை மணம், அதோடு மீன் போடாமலே ஒரு மீன் வாசம். எப்படி என்று கேட்டேன்.

"சாப்புடுங்க. கேள்வி கேக்காதீங்க."

சாப்பிட்டேன். இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன். உடம்பு நன்றாகத் தேறியது. நீந்தத் தெரியாதவன் ஒரு நாள் ஏரியில் இறங்கி மறுகரைக்குப் போய் வந்தேன். இதில் ஒரே ஒரு தொந்தரவு. வண்டி ஊதினால் எனக்குப் பசிக்க ஆரம்பித்தது. மிலிட்டரி வண்டிக்கும் பசித்தது. மார்கழி முழுவதும் ஒவ்வொரு ஊதலுக்கும் சட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். செண்பகமும் முகம் சுளிக்காமல் பரிமாறினாள்.

தை ஒன்றாந் தேதி, பொங்கலன்று காலை, சின்னதுரை ஆறு கூடையோடு வந்து நின்றான். வாத்துகள் அந்நேரம் விழுப்புரம் போயிருந்தன.

"கூடையைத் திருப்பிக்கினு போடா. குதிர்ல கால் பங்கு அப்படியே இருக்குது" என்றேன்.

"தொறந்து காட்டுங்க மாமா."

மெழுகிய சாணத்தை நானே தட்டி உடைத்தேன். மூடியைத் தூக்கினேன். உள்ளே அடியில் கொஞ்சம் சாம்பல், காய்ந்த வேப்பிலை, ஒரு பல்லி. வேறு ஒன்றும் இல்லை. பல்லி என்னைப் பார்த்தது. நான் அடித் துவாரத்துத் துணி அடைப்பைப் பார்த்தேன். பிறகு செண்பகத்தைப் பார்த்தேன்.

"வாத்து மோந்தும் பாக்கல. வீணாப் போறதுக்குச் சலிச்சு அரைச்சா ஆவும்னு பாத்தேன்" என்றாள். "நீங்கதான் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு உருண்டை உருண்டையா முழுங்கினீங்க. நேத்தோட தீந்துபோச்சு."

சின்னதுரை கூடைகளை இறக்கி வைத்தான். "அக்கா, பேச்சு பேச்சுத்தான். தை பொறந்து குதிர் காலி. சாயங்கால வண்டிக்குப் பதினெட்டையும் புடிச்சுக்கினு போறேன்."

பேச்சுக்கு ஒப்புக்கொண்டவன் நான். குதிர்த் தீனியைத் தின்று தீர்த்தவனும் நான். என் பதினெட்டு வாத்தும் பிஸ்கோத்துத் தின்றுவிட்டு நிம்மதியாக வந்து இவன் கூடையில் இறங்கப்போகின்றன.

செண்பகம் பொங்கல் பானையிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

"டேய், தீனியைத் தின்னு தீத்தா ஓட்டிக்கினு போன்னுதான் பேச்சு. வாத்து எங்கடா தின்னுச்சு? தின்னது உன் மாமன். பேச்சுப்படி வேணும்னா அவரைக் கூட்டிக்கினு போ."

சின்னதுரை உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடைகளைப் பார்த்தான், என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், மறுபடியும் கூடைகளைப் பார்த்தான். பொங்கல் பொங்கி அடங்கும் நேரம் யோசித்தான். அப்புறந்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனான்.

வாத்துகள் எங்களிடமே இருந்தன. அவன் அவ்வளவு நேரம் யோசித்ததை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.